இடது குதிகாலின் வெளி ஓரம்

பிறர் போட்டுக் கழற்றிய ஷூவை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். நாலு பேர் கூடிய இடத்தில் இதைச் சொன்னால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அதனால் கல்யாண வீடுகளில் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது.

ஒரு ஷூ கம்பெனியில் புகார்ப் பிரிவு. பிய்ந்துவிட்டது, தேய்ந்துவிட்டது, புதுசு கொடுங்கள் என்று பார்சலில் வருகிற ஷூக்களைப் பார்த்து, தவறு யாருடையது என்று நான் எழுத வேண்டும். மேஜையில் மூன்று ரப்பர் ஸ்டாம்புகள் இருக்கின்றன. தயாரிப்புக் குறை. இயல்பான தேய்மானம். தவறான பயன்பாடு. முதலாவதைக் குத்தினால் அவருக்குப் புது ஷூ போகும். மற்ற இரண்டில் எதைக் குத்தினாலும் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போகும். இந்த இருபத்திரண்டு வருடத்தில் மற்ற இரண்டையும் இரண்டு தடவை மாற்றியாயிற்று. முதல் ஸ்டாம்பு வாங்கிய அன்று இருந்தபடியே புதிதாக இருக்கிறது.

எதிர் நாற்காலியில் கத்தரி. பார்சல் பிரிப்பது அவர் வேலை. கையில் எப்போதும் கத்தரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். கூடவே வருகிற கடிதங்களை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவார்.

“'மலைப்பாதையில மட்டும்தான் போட்டேன். ஒரே மாசத்துல இப்படி ஆயிடுச்சு.' பாவம், அழுதுக்கிட்டே எழுதியிருக்கார்.”

நான் இடது ஷூவின் மேல்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். கட்டைவிரல் இருக்கிற இடத்தில் மோட்டார் சைக்கிள் கியர் தேய்த்த கறுப்புத் தடம் இருக்கும். “எந்த மலையில கியர் போட்டு ஏறினாராம்?” என்று கேட்பேன். கத்தரி கடிதத்தை மடித்து மூன்றாம் தட்டில் வைப்பார்.

உப்புத்தாள் வைத்து அடியைத் தேய்த்துவிட்டுப் புதுசு கேட்கிறவர்களும் உண்டு. வருடத்துக்கு நாலைந்து பேராவது அகப்படுவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது கை வேலை. எந்த மனிதனும் இரண்டு காலாலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஒருவர் உள்பக்கம் சாய்வார், இன்னொருவர் வெளிப்பக்கம். ஒரு கால் இழுக்கும், இன்னொன்று தாங்கும். இதை நான் கத்தரிக்குச் சொன்ன அன்று, அவர் எழுந்து பத்தடி நடந்து பார்த்துவிட்டு, “எனக்கு ரெண்டும் சரியாத்தான் இருக்கு” என்றார். அவருடைய வலது ஷூ உள்பக்கம் சப்பிப்போயிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு இடது குதிகாலின் வெளி ஓரம். கல்யாணமான முதல் மாதமே கவனித்துவிட்டேன். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கருவிப் பையை எப்போதும் இடது தோளில்தான் மாட்டுவார். அதன் கனத்தை இடது குதிகால் வாங்கிக்கொள்ளும். பை இல்லாமல் நடக்கும்போதும் பை இருப்பதுபோலத்தான் நடப்பார். எந்த ஷூ வாங்கினாலும் ஆறு மாதத்தில் அந்த ஓரம் மட்டும் வாழைப்பழத்தைக் கடித்ததுபோல் போய்விடும். “நேரா நடங்க, நேரா நடங்க” என்று இருபத்துநாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “நேராத்தானே போறேன்” என்பார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பதினோரு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மோட்டார் அறை மொட்டை மாடியில். லிஃப்ட் ஓடாததால் லிஃப்ட்காரர் படியில் ஏற வேண்டியதாயிற்று. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். போன் இரண்டு படி கீழே போய் விழுந்தது. கட்டிடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் லிஃப்ட் சரியாகட்டும் என்று அந்தந்த மாடியிலேயே காத்திருந்தார்கள். ஒருவரும் படியேறவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, காத்திருந்து அலுத்துப்போன ஒரு அம்மாள் தலையெழுத்தே என்று ஏறி வந்ததால் அவர் கிடைத்தார்.

அடைப்பு இரண்டு. சரிசெய்துவிட்டார்கள். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் நினைவு தப்பியிருந்தார் என்று எழுதியிருந்ததால் தெரிந்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகக் கூடாது என்று லீவு கொடுத்து வீட்டில் உட்காரவைத்தார்கள். அவரும் உட்கார்ந்தார். அப்படி ஒரு உட்காரலை நான் பார்த்ததில்லை. காபி கொண்டுபோய் வைத்தால் ஆறியபிறகு குடிப்பார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களை எண்ணுகிறவர்போல் இருப்பார்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை. வருடத்துக்கு இரண்டு மலை ஏறாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. வீட்டுக்குள் வரும்போதே முதுகில் ஒரு பை இருக்கும்.

“அண்ணி, எங்க குரூப்ல மூணு மாசம் கழிச்சு ஒரு மலைக்குப் போறோம். சின்ன மலைதான். ஒரு நாள் ஏறி, மேல விடுதியில தங்கி, மறுநாள் இறங்கணும். நீங்க ரெண்டு பேரும் வர்றீங்க. பேர் கொடுத்தாச்சு.”

“உங்கண்ணன் இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கார்.”

“அதான் சொல்றேன். இப்படியே விட்டா நாற்காலியோட ஒட்டிக்குவார்.”

டாக்டரிடம் கேட்டோம். அவர் எதையும் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. “தினம் ஒரு மணி நேரம் நடக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா மேடு ஏறிப் பழகட்டும். மூணு மாசம் ஒழுங்கா நடந்துட்டு வாங்க, பார்த்துட்டு மலைக்கு அனுப்பறேன். நடக்காம மலைக்குப் போனா நான் பொறுப்பில்ல. நடக்காம வீட்லயே இருந்தாலும் நான் பொறுப்பில்ல. அடுத்த தடவை படியில விழுந்தா எழுந்திருப்பார்னு சொல்ல முடியாது.”

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பயம் வந்தால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்வேன். ஷூ வாங்கக் கிளம்பினேன்.

சாயங்காலம்தான் போனோம். கால் காலையில் சின்னதாக இருக்கும், சாயங்காலம் வீங்கியிருக்கும், மலையில் இன்னும் வீங்கும். காலையில் வாங்கிவிட்டுக் கடிக்கிறது என்று எழுதியவர்களின் கடிதங்கள் மட்டும் எங்கள் அலுவலகத்தில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. தடித்த காலுறையைக் கையோடு எடுத்துப் போனேன். எங்கள் கம்பெனி ஷூ மட்டும் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

“ஏன், அதுக்கென்ன குறை?”

“தினம் சாப்பிடும்போது சொல்றியே.”

கடையில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். கால் மணி நேரத்தில் அந்தச் சிரிப்பை உள்ளே வைத்துவிட்டாள். முதல் ஷூவை வாங்கி மூக்கையும் குதிகாலையும் பிடித்து மடித்தேன்; நடுவில் மடங்கியது. “விரல் மடங்கற இடத்துலதான் ஷூவும் மடங்கணும். நடுப்பாதத்துல மடங்கினா பாதி மலையில உள்ளங்கால் போயிடும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதைத் துணி பிழிவதுபோல் முறுக்கினேன், முறுக்கிக்கொண்டது. வேண்டாம். மூன்றாவதில் முன்பக்கம் கல் இடித்தால் தாங்குகிற ரப்பர் இல்லை. நாலாவதின் அடியில் பற்கள் நெருக்கமாக இருந்தன. சேறு அடைத்துக்கொள்ளும், அப்புறம் வழுக்கும். ஐந்தாவது தண்ணீர் புகாதது என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

“வெளித்தண்ணி உள்ள வராது. சரி. உள்ள ஊறுற வேர்வை எப்படி வெளிய போகும்?”

அவள் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியில் அதற்குப் பதில் இல்லை.

என் வீட்டுக்காரர் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்போல் கொடுத்த காலைக் கொடுத்தபடி இருந்தார். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். குதிகால் தூக்குகிறதா என்று பிடித்துப் பார்த்தேன்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“போன ஷூவுக்கும் இதையேதான் சொன்னீங்க.”

“அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

கடையின் மூலையில் மரப்பலகையால் ஒரு சரிவு கட்டியிருந்தார்கள், கூழாங்கல் ஒட்டி, ஏறி இறங்கிப் பார்க்க. மொத்தம் ஏழு அடி இருக்கும். ஏற்றத்தில் குதிகால் நழுவக் கூடாது, இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. சமதரையில் மட்டும் நடந்து பார்த்து வாங்குகிறவர்களுக்குத்தான் நகம் கறுத்துப்போகும். அவர் அதன் அடியில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“ஏறுங்க.”

“நீ இங்கயே நிப்பேல்ல?”

“நான் வேற எங்க போகப் போறேன்? ஷூவைப் பார்க்கணும்ல.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் குனிந்து குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோராவது ஜோடி சரியாக வந்தது. சாம்பல் நிறம். ஒட்டியதோடு தைத்தும் இருந்தார்கள். பற்கள் ஆழமாக, தள்ளித் தள்ளி. உள்மெத்தை கழற்றி உலர்த்துகிற மாதிரி. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் உயிர் வந்தவளாய்ப் பெட்டியை மூடினாள். எனக்கும் ஒரு ஜோடி எடுத்தேன். அதற்கு நாலு நிமிடம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து அவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். பூங்கா எங்கள் தெருமுனையில். அதற்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை, மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகும். ஏழு பத்துக்குத் திரும்பி வருவார். நான் பல் தேய்த்தபடியே கேட்பேன்.

“இன்னைக்கு எதுவரைக்கும்?”

“தொட்டி வரைக்கும்.”

காலண்டரில் ஒரு கோடு போடுவேன். நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனிக் காம்பவுண்டைச் சுற்றி நடப்பதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு இடையில் கொஞ்சம் பார்சல்கள் வந்தன; அப்புறம் வெயில் வந்தது. ஆனாலும் சாயங்காலம் அவர் கேட்டால், “மூணு சுத்து” என்பேன். கோடு போடுவது அவருக்கு மட்டும்தான்.

இப்படி ஆறு வாரம். நாத்தனார் போன் செய்தால், “உங்கண்ணன் தொட்டிக்குப் போயிட்டு வர்றார்” என்பேன். என் குரலில் பெருமை தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஷூவை வெயிலில் வைக்கலாம் என்று எடுத்தேன். பழக்க தோஷம், திருப்பிப் பார்த்தேன். தேய்ந்திருந்தது. ஆறு வாரத்துக்கு எவ்வளவு தேய வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவு. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு மூன்று விநாடி. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

வலது குதிகால், இடது குதிகால், முன்பாதம், எல்லாம் அளந்து வைத்ததுபோல் சமமாக. இடது குதிகாலின் வெளி ஓரத்தில் ஒரு பல்கூடக் குறையவில்லை. இருபத்துநாலு வருடத்தில் அந்த மனிதர் ஒரே ஒரு தடவை நேராக நடந்திருக்கிறார், அதுவும் ஆறு வாரம் விடாமல். உள்மெத்தையை உருவிப் பார்த்தேன். ஆறு வாரம் நடந்தால் ஐந்து விரலும் அதில் பதிந்திருக்க வேண்டும். புதுத் தலையணைபோல் இருந்தது.

எழுந்து குளியலறைக்குப் போனேன். என் குதிகால் வெடிப்புக்கு வைத்திருக்கிற தேய்க்கும் கல், ஜன்னல் ஓரத்தில் அதன் இடத்தில்தான் இருந்தது. அதன் துளைகளில் கறுப்பாகத் தூள் அடைத்திருந்தது. ஆறு வாரமாக அதைத்தான் நான் என் காலில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோபத்தில் நான் பேசினால் நியாயம் என் பக்கம் இருந்தாலும் போய்விடும், அது எனக்கே தெரியும். மறுநாள் அவர் “தொட்டி”யிலிருந்து திரும்பிக் குளிக்கப் போனதும், ஷூவைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். என் கண் தப்பு செய்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை.

கத்தரியிடம் நீட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. விளக்குக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வேலைப்பாடு. உப்புத்தாள் இல்ல, ஏதோ கல்லு. பொறுமையான ஆளு, தினம் கொஞ்சம் கொஞ்சமா தேச்சிருக்கான்.” பார்சலைத் தேடினார். “லெட்டர் எங்க?”

“லெட்டர் இல்ல.”

“அப்ப என்ன கேக்கறான்? புது ஷூவா?”

“ஒண்ணும் கேக்கல.”

கத்தரி ஷூவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒண்ணும் கேக்காதவன் எதுக்குத் தேய்க்கணும்?”

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பொய்யைப் பிடித்திருக்கிறேன். எல்லாப் பொய்யும் எதையாவது கேட்டு வந்தவை. இவர் எதையும் கேட்காமல், தினம் காலையில் என் கல்லை எடுத்துத் தேய்த்து, நான் திருப்பிப் பார்ப்பேன் என்று தெரிந்து, எனக்காகவே தேய்த்து வைத்திருக்கிறார். டாக்டர் சொன்னது காதில் கேட்டது. அடுத்த தடவை படியில் விழுந்தால். ஏழு அடிச் சரிவுக்கு ஒரு மணி நேரம் செலவழித்தவள், இந்த ஆள் நடக்கிறாரா என்று ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கத்தரி கண்டுகொள்ளாமல் அடுத்த பார்சலைப் பிரித்தார்.

மறுநாள் காலை அவர் கதவைச் சாத்தியதும் நானும் எழுந்தேன். செருப்புப் போட்டுக்கொண்டு பின்னால் போனால் டப் டப் என்று தெருவே திரும்பிப் பார்க்கும். சத்தம் வராத ஷூ வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பீரோவின் அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். மூக்கில் திணித்த காகிதத்தை எடுத்து, லேஸ் கோத்து, கட்டி முடிப்பதற்குள் அவர் தெருமுனை தாண்டியிருந்தார்.

ஓட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பூங்கா வாசலில், உள்ளே நுழைந்தவுடன் இருக்கிற முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக, கால்களைச் சேர்த்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்போல். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் தீயணைப்பு நிலையம். அதன் வாசலில் ஒரு ஆம்புலன்ஸும் நிற்கும், அன்றும் நின்றது.

ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து எழுந்தார். மண்பாதையில் நடந்தார். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பை இல்லாத பையைத் தூக்கிக்கொண்டு, அதே நடை. நாற்பதடி தூரத்தில் பாதை மரங்களுக்குள் திரும்புகிறது. திருப்பத்தில் போய் நின்றார். தலையை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், திருப்பம் வரை போனார், நின்றார், வந்தார். மூன்றாவது தடவையும் அங்கேயேதான் நின்றார். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திடுக்கிடவில்லை.

“கல்லைக் கழுவி வைக்க மறந்துட்டேன்” என்றார்.

“ரெண்டையும் ஒரே மாதிரி தேய்க்கலாமா? யார் வீட்டுல இருக்கோம்னு ஒரு யோசனை வேண்டாம்?”

“நேரா நடன்னு நீதானே சொன்னே. நேரா நடந்த மாதிரி இருக்கட்டும்னு தேய்ச்சேன்.”

சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரித்தால் அவமானம் என்று அடக்கிக்கொண்டேன். அவர் எதிரே நின்ற ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அந்தத் திருப்பத்துல நிக்கறீங்க?”

“அதுக்கு அப்புறம் வாசல் தெரியாது.”

“தெரியாட்டி என்ன?”

கைகளைத் தொடை மேல் தேய்த்தார். “அன்னைக்குப் படியில கிடந்தேன்ல. நினைவு தப்பிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. தப்பல. கீழ மூணாம் மாடியில லிஃப்டுக்கு நின்னவங்க பேசினது முழுக்கக் கேட்டுச்சு. இந்த லிஃப்ட்காரன் எங்க போய்த் தொலைஞ்சான், சொன்ன நேரத்துக்கு வர மாட்டானுங்கன்னு ஒருத்தர் திட்டிக்கிட்டே இருந்தார். நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லணும்னு பார்த்தேன். வாய் வரல. அரை மாடி தூரம். நாற்பது நிமிஷமும் அந்தாள் நிறுத்தவே இல்ல.”

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“ஆளு கண்ணுல படற வரைக்கும் கால் போகுது. படலன்னா நின்னுடுது. நான் நிறுத்தல. அதுவா நின்னுடுது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“நீ அந்த ஷூவை எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினே. அதுல ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்ட இருக்குன்னு எப்படிச் சொல்றது?”

அது என்னை நன்றாக அறைந்தது. ஷூவில் எங்கெங்கே கடிக்கும், எங்கெங்கே இடிக்கும் என்று அத்தனையும் கேட்ட நான், உங்களுக்கு பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த மனிதர் கடையிலேயே சொல்லிவிட்டார், நீ இங்கயே நிப்பேல்ல என்று. நான் அதை ஷூவைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

“உன்னுது புதுசா இருக்கே.”

“பத்திரமா வச்சுக்கறேன்.”

“லேஸ்ல கடை அட்டை தொங்குது.”

தொங்கியது. இழுத்துப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“தினம் மூணு சுத்துன்னியே?”

“எழுந்திருங்க” என்றேன். “தொட்டிக்குப் போவோம்.”

திருப்பத்தில் அவர் நின்றார். நான் முன்னால் போய், அந்தப் பக்கம் நின்று, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இடது கால் வந்தது, அப்புறம் வலது கால். அன்றைக்குத் தொட்டிவரை போகவில்லை. பாதி மேட்டில் எனக்கு மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இருதயக்காரர் என் முதுகைத் தடவிவிட்டார். அந்த வழியாக வந்த ஒருவர், “சாருக்கு என்ன பண்ணுது?” என்று கேட்காமல், “அம்மாவுக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னோம். கல் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டோம். அவர் மூன்று மாதக் கணக்கை அன்றிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். நாத்தனார் பெயர்களை அடித்துவிட்டு, அடுத்த குழுவில் எழுதினாள். காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். முதல் வாரம் நான் அவருக்கு முன்னால் நடந்தேன். இரண்டாம் வாரம் பக்கத்தில். மூன்றாம் வாரத்திலிருந்து பின்னால் நடந்தேன்; அது பெருந்தன்மை இல்லை, என்னால் அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் நான் பத்தடி பின்தங்கினாலும் அவர் நின்றுவிடுவார். திரும்பிப் பார்த்து, நான் கண்ணில் பட்டபிறகுதான் அடுத்த அடி வைப்பார். கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன்.

“அந்தக் கேஸ் என்னாச்சு?” என்று கத்தரி வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார். “விசாரணையில இருக்கு” என்பேன். மூன்று மாதம் முடிந்து, டாக்டர் ஓடும் பெல்ட்டில் அவரை நடக்கவிட்டுப் பார்த்து, “போங்க, ஆனா மெதுவா” என்று சொன்ன பிறகும், என்னால் எந்த ஸ்டாம்பும் குத்த முடியவில்லை. இந்த ஆள் தனியாக ஒரு திருப்பத்தைத் தாண்டியதில்லை. மலையில் திருப்பத்துக்குப் பஞ்சமா.

மலைக்குப் போன அன்று முந்தின இரவு மழை பெய்து, பாதை ஈரமாக இருந்தது. நாத்தனாரும் அவள் கூட்டமும் பேசிக்கொண்டே மேலே போய்விட்டார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. நாங்கள் இருவரும்தான். ஒரு மணி நேரம் ஏறினோம். செங்குத்தான ஒரு இடத்தில் என் தொடை இரண்டும் இனி முடியாது என்று சொல்லிவிட்டன. பாறையில் உட்கார்ந்தேன்.

அவர் எனக்கு எட்டடி மேலே நின்றார். அவருக்கு முன்னால் பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். என் முகத்தை அவர் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

“நீ மெதுவா வா” என்றார். “நான் அந்தப் பக்கம் உக்கார இடம் இருக்கான்னு பார்க்கறேன்.”

தலை நிமிர்ந்தபோது பாதையில் யாரும் இல்லை.

கூப்பிடலாம் என்று வாய்வரை வந்தது. கூப்பிட்டால் நின்றுவிடுவார் என்று தெரியும். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பறவை ஏதோ கத்தியது. ஏதாவது விழுகிற சத்தம் வருமா என்று காது வலிக்கக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. அரை மாடி தூரத்தில் ஒருவர் கிடந்தாலும் சத்தம் வராது, அதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. தொடையைத் திட்டிக்கொண்டே எழுந்து பாறையைச் சுற்றிப் போனேன்.

அந்தப் பக்கம் பாதை நீளமாக மேலே ஏறி, அடுத்த திருப்பத்தில் மறைந்தது. அவர் அங்கேயும் இல்லை.

அப்புறம் தரையைப் பார்த்தேன். ஈரமண்ணில் அவருடைய தடம் வரிசையாகப் போயிருந்தது. குனிந்து பார்த்தேன். தள்ளித் தள்ளி இருந்த பற்கள் ஒவ்வொன்றும் அச்சாக விழுந்திருந்தன. சேறு அடைக்கவில்லை, நல்ல ஷூ. வலது கால் சமமாக. இடது காலில் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் ஆழமாக அழுந்தி, அங்கே இரண்டு பற்களின் அச்சு மழுங்கியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நின்றிருந்தால் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருக்கும். திரும்பிப் பார்த்திருந்தால் முன்பாதம் மண்ணைத் திருகியிருக்கும். கண்ணுக்கு எட்டியவரை எங்கேயும் அப்படி இல்லை.

இயல்பான தேய்மானம், என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க யாரும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தடங்களை மிதித்துவிடாமல் ஓரமாக ஏறினேன்.